உள்ளே அடித்த ஆணி

கடைக்காரர் தார்ப்பாய்ச் சுருளைப் பிரித்து ஓர் உதறு உதறினார். குப்பென்று வந்தது வாசனை. ரப்பரும் மண்ணெண்ணெயும் வெயிலில் கிடந்த பழைய டயரும் சேர்ந்த மாதிரி. மழைக்கு முன்னால் சோளத்தட்டுப் போரை மூட வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தேன். "எத்தன அடிங்க வேணும்?" என்று கேட்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம்தான் தம்பி மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையை மூலையில் வீசிவிட்டு, சமையற்கட்டில் நீலக் கோட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னாள். "அத்தை, இன்னிக்கு ஸ்கூல்ல ஒரு பொம்மப்படம் போட்டாங்க. ஒரு பையன் அவங்கம்மா சேலையக் கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால ஆடறான். அவங்கம்மா வந்து வெளக்கமாத்துலயே வெளுக்கறாங்க. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கெல்லாம் வயித்து வலியே வந்துருச்சு."

ஐம்பதைத் தொடப்போகிறேன். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறேன். திருநம்பி என்ற சொல்லை எனக்கென்று எடுத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டில் நான் அத்தைதான். அது போகட்டும். அந்தப் படத்துக்குத் தமிழ் எழுத என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் வருகிற அம்மா நிஜத்தில் யாரையும் அடித்ததில்லை. அவள் இருக்கிறாள், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், இந்த நிமிஷமும் தேயிலைச் செடிக்கு நடுவில் இடுப்பளவு ஈரத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

பாலக்காட்டில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது அந்தக் குழு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மைக், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் முட்டை அட்டைகள். எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்ட, திருநர் குழந்தை ஒன்றைப் பற்றி அனிமேஷன் படம் எடுக்கிறோம் என்றார்கள். இயக்குநர் மலையாளி. எல்லோரும் நல்ல மனிதர் என்று சொல்லும்படியான மனிதர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் "வரூ சேச்சி" என்றார்.

"சேட்டான்னு கூப்புடுங்க" என்றேன்.

"ஐயோ, ஸோரி, ஸோரி." என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. "சேட்டா, உங்க சப்போர்ட் ஞங்ஙளுக்கு வேணும்." டீ வந்தது. "சேச்சிக்கு மதுரம் இடணோ?"

சர்க்கரை வேண்டாம் என்றேன்.

ஏன் அனிமேஷன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "முகம் காட்டண்டல்லோ. அதாணு இதிலெ சௌகரியம்." முகம் காட்டாத சௌகரியம். யாருக்குச் சௌகரியம்? நாங்கள் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்துபோகிறவர்களுக்கு. கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு. எங்கள் கதை வேண்டும், எங்கள் மூஞ்சி வேண்டாம். அன்றைக்கே எழுந்து வந்திருக்கலாம். வராமல் இருந்ததற்குக் காரணம் அவள்.

இருபது வயது கடந்திருக்கும் அவளுக்கு. தேக்கடிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வேலை. படத்துக்குக் கதை கொடுக்க வந்திருந்தாள். அவள்தான் படத்தின் குழந்தை. மாடிப்படி ஏறி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நீங்கதான் எழுதுற அண்ணனா? வணக்கம்ணே."

அவ்வளவுதான். அத்தனை லேசான வேலை அது.

எதற்கு இதில் சேர்ந்தாய் என்று கேட்டேன். "சின்னப்பிள்ளையில யூனியன் ஆபீஸ் டிவில பொம்மப்படம் பாப்பம்ணே. ஒரு பூனை மேல ரோடு ரோலர் ஏறும். பூனை பேப்பர் மாதிரி ஆயிரும். எந்திரிச்சு, கட்டவெரல வாயில வச்சு ஊதுனா மறுபடி குண்டாயிரும். எனக்கு என்னா ஆசைங்கிறீங்க. பொம்மப்படத்துல மட்டும்தாண்ணே ஒடம்பு நம்ம பேச்சக் கேக்கும்."

முகத்தை மறைக்கிறது என்று இயக்குநர் நினைத்த ஒன்றை, உடம்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே மாடியில் இரண்டு படம் எடுக்க உட்கார்ந்திருந்தோம்.

அவள் பையிலிருந்து மடித்த தார்ப்பாய்த் துணி ஒன்றை எடுத்தாள். அறை முழுக்க வாசனை ஏறியது. படம் வரைகிற பெண் மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். "படங்குக்கா. கொழுந்தெடுக்கப் போறவங்க இடுப்புல சுத்திக் கட்டுறது. செடிக்கொம்பு குத்தாது, பனி நனைக்காது. பாத்து வரையத்தான் கொண்டாந்தேன்." இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கையால் கோடு போட்டுக் காட்டினாள். அவள் கொண்டுவந்தது பாதி அளவுதான் இருந்தது. குழந்தைக்கு வெட்டியது.

"இது வெளியில் வைக்காமோ? ஏசி ரூமல்லே" என்றார் இயக்குநர். அதை எடுத்துப் போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டார்கள். வரைகிற பெண் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து மடிப்புகளை வரைந்தாள்.

மைக் முன்னால் அவள் பேசியதை எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டியிருக்கிறேன். "அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் படங்க அவுத்து வெளிய ஆணில மாட்டும். அட்டப்பூச்சி இருக்கும், சேறு இருக்கும், அத யாரும் உள்ள கொண்டுபோக மாட்டாங்க. கழுவிக் காயப்போடுறது என் வேல. கொழாய்க்கு லயம் பூரா நடக்கணும். கையில தூக்கிட்டுப் போனா சட்டையில சேறு ஆகும்ல. அதனால இடுப்புல கட்டிக்கிட்டுப் போவேன்." நிறுத்திச் சிரித்தாள். "அதனாலன்னு எல்லாரும் நெனச்சாங்க."

லயம் என்றால் ஒரே தகரக்கூரை, ஒட்டி ஒட்டி வீடுகள், வரிசையாகக் கதவுகள், சாயங்காலமானால் கதவுக்கு ஒருத்தி. அத்தனை கதவுகளையும் தாண்டி, பட்டப்பகலில், கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறது அந்தப் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். "பாருடா, ஆத்தாளுக்கு எம்புட்டு ஒத்தாசையா இருக்கான். நீயும் இருக்கியே, தண்டத்துக்கு."

"நான் பாவாட கட்டுனதுக்கு அந்தப் பய திட்டு வாங்குனாண்ணே. பாவம்."

என் சிரிப்பு மைக்கில் விழுந்துவிட்டது. திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

"ஒருநாள் படங்கு காஞ்ச பெறகும் நான் அவுக்கல. கட்டிக்கிட்டே வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தேன். அம்மா வந்து பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கெழம பழைய படங்கு ஒண்ண எடுத்து, என்னய நிக்க வச்சு, என் ஒசரத்துக்கு வெட்டுச்சு. ஓரத்த மடிச்சுத் தச்சுச்சு. பெறகு சுத்தியல எடுத்துட்டு உள்ள போயி, சாமி படத்துக்குக் கீழ ஒரு ஆணி அடிச்சு, அதுல மாட்டுச்சு. உள்ளண்ணே, வீட்டுக்குள்ள. 'இது சேத்துக்கு இல்ல, ஒனக்கு'ன்னுச்சு. அதப்பத்தி எங்கம்மா பேசுனது அம்புட்டுத்தான். இன்னிய வரைக்கும் அம்புட்டுத்தான்."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பொய்யில்லை, நான் பார்த்தேன். துடைத்துவிட்டு, "ஒரு சின்ன காரியம். கொஞ்சம் கரஞ்ஞு தரணும். அழுகை. சும்மா ஒரு சவுண்டுக்கு" என்றார். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள், தேம்பினாள், மூக்கை உறிஞ்சினாள். "போதுமா சார்? பத்தலன்னா ஒப்பாரியும் வரும்."

கிளம்புவதற்கு முன், வரைகிற பெண் பென்சிலில் போட்டு வைத்திருந்த ஒன்றைக் காட்டினாள். குழந்தை படங்கு கட்டி லயத்தின் கதவுகளைத் தாண்டி நடக்கிறது. முதல் கதவருகே பையன். ஒவ்வொரு கதவுக்கும் தோள் ஒரு நூல் இறங்குகிறது, நடை ஒரு நூல் மாறுகிறது, கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசமே தெரியாது. குழாயடிக்கு வந்து குனிந்து நிமிரும்போது அங்கே ஒரு சிறுமி. எந்தக் கதவிலும் யாரும் அதைப் பார்க்கவில்லை. "இங்ஙனெ மதியோ, இப்பிடிப் போதுமோ?" என்று கதை கொடுத்தவளிடம் கேட்டாள். அவள் அந்தத் தாளைத் தொட்டாள். அந்த நடைக்கு ஒரு சொல்லும் எழுத மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் எழுதியதில் ஆகச் சிறந்தது அந்த எழுதாத இடம்தான்.

மழைக்காலம் முடிந்ததும் கூப்பிட்டார்கள். வரைந்ததை எல்லாம் வரிசையாக ஓட்டி, குரலும் சேர்த்த முதல் வடிவம் தயார், வந்து பாருங்கள் என்று.

பார்த்தோம்.

சேலை. உதட்டுச்சாயம். ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி முன் ஆடுகிற பையன். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற அம்மா, கையில் விளக்கமாறு. அடி. மழையில் ஓடுகிற பிள்ளை. ரயில். ரயிலுக்குள் கை தட்டுகிறவர்கள். நடுநடுவே கதை சொல்லும் குரல் அவளுடையது இல்லை. தேன் தடவிய குரல், விளம்பரத்தில் சேலை விற்கிற குரல், நான் எழுதாத தமிழ். அடி விழும் இடத்தில் மட்டும் அவள் இருந்தாள். அந்த விசும்பல், தேம்பல், மூக்குறிஞ்சல்.

"அழுகை மாத்ரம் ஒரிஜினல் வச்சிருக்கோம்" என்றார் இயக்குநர், ஏதோ பரிசு கொடுப்பவர் மாதிரி.

அவள்தான் பேசினாள், ரொம்ப நிதானமாக. "சார், இது யாரு வீடு?"

"நிங்ஙளுடெ கதைதன்னே. கொஞ்சம் ஜெனரல் ஆக்கிட்டோம். எல்லா ட்ரான்ஸ் குட்டிகளுக்கும் பொருந்தணுமல்லோ."

"எங்க வீட்டுக் கண்ணாடில மூக்கப் பாத்தா காது தெரியாது சார். அதுல எங்கிட்டு நின்னு ஆடுறது."

"படங்கு இட்டால் ஆர்க்கும் மனசிலாவில்ல. சேலைன்னா சட்டுன்னு புரியும். பின்னெ, அம்மா ஒண்ணும் செய்யலைன்னா கதை எங்கே?"

"செஞ்சுச்சே சார். வெட்டுச்சு, தச்சுச்சு, ஆணி அடிச்சுச்சு."

அவர் தலையை ஆட்டினார், குழந்தைக்குக் கணக்குப் புரியாதபோது வாத்தியார் ஆட்டுவது போல. அவள் விடவில்லை. "இந்தப் படத்த எங்க எஸ்டேட் ஸ்கூல்லயும் போடுவீங்கல்ல?"

"உறப்பாயிட்டும். கண்டிப்பா."

"லயமே வந்து பாக்கும் சார். எங்கம்மாவும் பாக்கும். நான் அழுதா எப்பிடி இருக்கும்னு அங்க இருக்க அத்தன பேருக்கும் தெரியும். அப்ப இந்த வெளக்கமாறு யாரு கையில இருக்குன்னு சொல்லுங்க."

"முகம் இல்ல, பேரு இல்ல..."

"கொரல் இருக்குல்ல சார்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், இறங்கி வர நினைத்தார். "சரி. விளக்கமாறு மாற்றாம். கை மதி. கையால் அடிக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எழுந்து நின்றிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "ஏனுங்க," என்றேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, "உங்களுக்கு நாங்க அடி வாங்கோணும். அடி வாங்காத ஊட்டக் காட்டுனா உங்க படம் ஓடாது. அந்த அம்மா ஒரு படங்க வெட்டறதுக்குக் கத்திரிக்கோல எடுத்துட்டு எவ்வளவு நேரம் நின்னிருப்பாங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தீங்களா? லயத்துல சுவத்துக்குச் சுவரு ஒட்டுன ஊடு. ஆணி அடிச்ச சத்தம் அடுத்த ஊட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டுட்டுப் போகட்டும்னு அடிச்சிருக்காங்க. அதுக்கு மேல என்னுங்க வேணும் உங்க கதைக்கு?"

"சேச்சி, இமோஷனல் ஆகாதீங்க."

சேச்சி. அந்த நேரத்தில், அந்த வாயிலிருந்து.

என் தமிழை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எடுப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பதும் தெரியும். அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த, படம் வரைகிற பெண்ணிடம் திரும்பினாள். "அக்கா, என் அழுகையத் திருப்பிக் குடுத்துருங்கக்கா."

அந்தப் பெண் இயக்குநரைப் பார்க்கவில்லை. திரையில் நீளமாகக் கிடந்த ஒரு பச்சை ஒலிப் பட்டையைத் தேடிப் பிடித்தாள், ஒரு தட்டுத் தட்டினாள். பட்டை போய்விட்டது. விளக்கமாறு சத்தமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தூசி தட்டுகிற மாதிரி. அதோடு நிற்கவில்லை அவள். வேறொரு இடத்திலிருந்து எதையோ இழுத்துப் போட்டு ஓட விட்டாள். நடை. கதவு, கதவு, கதவு. தோள் இறங்கி, கழுத்து நிமிர்ந்து, குழாயடியில் சிறுமி. முழுசாக வரைந்து முடித்து வைத்திருந்தாள், வண்ணம் மட்டும் இல்லை.

"நல்லதாணு," என்றார் இயக்குநர் களைப்பாக, "பக்ஷே ஸ்லோ."

அழுகையைத் திருப்பிக் கேட்டவள் போனை எடுத்து, அந்த நடையை இன்னொரு தரம் ஓட விடச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிறகு வெளியே போய், அன்று வரைவதற்காக விட்டுப்போனதிலிருந்து சுவரிலேயே கிடந்த படங்கைத் தூசி தட்டி மடித்துப் பையில் வைத்தாள்.

அவள் ஊர் கேரளத்தில். நாங்கள் நின்றதும் கேரளத்தில். ஆனாலும் பொள்ளாச்சி, தேனி என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து போவதுதான் தனக்குச் சுளுவு என்றாள். பொள்ளாச்சிப் பேருந்தில் சேர்ந்து ஏறினோம். கொழிஞ்சாம்பாறை வந்தது, நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை. தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் போனில் அந்த நடையைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எப்பிடியும் எடுத்துருவாங்கல்லண்ணே?"

"எடுப்பாங்க கண்ணு. வேற யாராச்சும் அழுது குடுப்பாங்க."

"அழுகட்டும். என் கொரல் இல்லைன்னா அது எங்கம்மா இல்ல." போனை அணைத்தாள். "நீங்க எதக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்கண்ணே, சின்னதுல?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நேர்காணல் எடுத்தவர்கள் எப்போது உணர்ந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எதைக் கட்டிக்கொண்டு திரிந்தாய் என்று கேட்டதில்லை.

சொன்னேன். எங்கள் பக்கம் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போகிற பொம்பளைகள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள், முழுக்கைச் சட்டை, வெயிலுக்கும் செடியின் அரிக்கிற சொணைக்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நானும் போட்டேன், தம்பியுடையதை. காட்டில் இருக்கிற வரைக்கும் நான் சட்டைக்காரன். "எங்க அம்மிணிக்குக் காட்டு வேலைன்னா உசுரு" என்று ஊரே சொல்லும். வெயில் இறங்கியதும் மோட்டார் ரூமுக்குள் போய், சட்டையைக் கழற்றி அங்கே ஆணியில் மாட்டிவிட்டு, பாவாடை தாவணியோடு வீட்டுக்குள் போவேன். சட்டை ஒரு நாளும் வாசல் தாண்டியதில்லை.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட சட்டை, அன்றைக்குத்தான் இஸ்திரி போட்டது.

"இப்ப?"

"இப்பவுந்தான். மோட்டார் ரூம்ல ஒரு நைட்டி தொங்கும். மாத்திக்கிட்டு ஊட்டுக்குப் போவேன். தம்பி ஊடு. சம்சாரம், புள்ளைங்க இருக்கறாங்க."

"ஒங்களுக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

"இருக்குது."

"அந்த மோட்டார் ரூம் ஆணிய அடிச்சது யாருண்ணே?"

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "நாந்தான்" என்றேன்.

இயக்குநர் மேல் அதுவரைக்கும் எரிந்துகொண்டிருந்த கோபம் அந்த இடத்தில் அடங்கவில்லை. என் பக்கம் இன்னொரு வாசலும் அதற்குத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஒரு கூலிக்காரத் தாய், சொந்தமில்லாத வீட்டில், வேலை போனால் காலி செய்ய வேண்டிய வீட்டில், சுவரில் ஆணி அடித்திருக்கிறாள். தோப்பும் கிணறும் பங்கும் இருக்கிற நான் மோட்டார் ரூமில் நைட்டியை மாட்டிவைத்திருந்தேன்.

பொள்ளாச்சியில் தேனி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு அவள் பையை மடியில் வைத்தாள். அந்தக் கூட்டத்திலும் புகையிலும் படங்கின் வாசனை எனக்கு வந்தது. ஏதாவது சாப்பிட வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வண்டி நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"மோட்டார் ரூம் ஆணியப் புடுங்கிப் போட்டுட்டு, சட்டையோட உள்ள போங்கண்ணே."